ஐந்து நிமிடத்தில் அகப்படாத மான்

2025 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15 ஆந் திகதி காலை எட்டு மணி தொடக்கம் எட்டு மணி ஐந்து நிமிடம் வரை, இலங்கைத் தீவின் கமக்காரரும் வீட்டுக்காரரும் தத்தம் வளவிலும் வயலிலும் நின்று விலங்குகளை எண்ணித் தரவேண்டும் என்று விவசாய அமைச்சு கேட்டுக்கொண்டது. எண்ணவேண்டிய உயிரினங்கள் நான்கு: குரங்கு, மந்தி, மர அணில், மயில். கிராம உத்தியோகத்தர் வழியே படிவம் வந்தது. படிவம் திரும்பிச் சென்றது. ஜூன் மாதத்தில் தொகை வெளியாயிற்று. குரங்கு 51 இலட்சத்து 70 ஆயிரம். மயில் 42 இலட்சத்து 40 ஆயிரம். மர அணில் 26 இலட்சத்து 60 ஆயிரம். மந்தி 17 இலட்சத்து 40 ஆயிரம். கூட்டிப் பார்த்தால் ஒரு கோடியே 38 இலட்சத்துக்கும் மேல்!

2024 ஒக்ரோபரில் தொடங்கி மாதக்கணக்கில் வீடு வீடாக ஆளனுப்பி எடுத்த குடிசன மதிப்பீட்டிலே இத்தீவின் மக்கள் 2 கோடியே 17 இலட்சம் என்று காணப்பட்டது. ஓரிடத்தில் நிலைத்து வாழும் மனிதனை எண்ணுவதற்கு மாதங்கள் வேண்டியிருந்தன. கிளைக்குக் கிளை தாவும் குரங்கை எண்ணுவதற்கு ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது.

இதைக் கேலி செய்வதற்காக நாம் எழுத முன்வரவில்லை. தென்னங் குரும்பையைக் குரங்குக்கும், மரவள்ளியைப் பன்றிக்கும், விதைத்த பயற்றை மயிலுக்கும் பறிகொடுத்து, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய கமக்காரனை நோக்கி, "உன் வளவில் எத்தனை நிற்கின்றன?" என்று ஓர் அரசாங்கம் கேட்டதே பெரிய காரியம். நெடுங்காலமாக அந்தக் கேள்வியையும் எவரும் கேட்டதில்லை. ஆயினும் கேட்ட முறையிலும், கேளாமல் விட்டதிலும் நமக்குப் பலத்த ஆட்சேபம் உண்டு. காட்டுப்பன்றி அந்தப் படிவத்தில் இல்லை. முள்ளம்பன்றி இல்லை. புள்ளிமான், மரை, கேளையாடு, சருகுமான் ஆகிய எதுவும் இல்லை. சேனைக்கும் காட்டுக்கும் இடையே நடக்கும் வழக்கில் முக்கிய சாட்சிகளை அழைக்காமலே தீர்ப்பு எழுதப் புறப்பட்டிருக்கிறார்கள்.

பல்லேபொலையில் நமக்கென்ன வேலை?

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 பெருவீதியில் மாத்தளையைக் கடந்து நாலந்தையை நோக்கிச் செல்பவர், வீதிக்கு மேற்கே மேடும் பள்ளமுமாக விரிந்து கிடக்கும் நாட்டைக் காண்பார். பல்லேபொலப் பிரதேசம் அங்கேதான் இருக்கிறது. பள்ளத்தில் வயல்; சரிவில் தென்னையும் மிளகும்; மேட்டிலே பற்றைக்காடும் பாறைக் குன்றும். ஈரவலயமும் உலர்வலயமும் கைகோக்கும் இத்தகைய நிலத்தில் மனிதனும் விலங்கும் ஒரே வேலிக்கு இருபுறமும் வாழ்கின்றனர். அங்கே பெரும்பாலோர் சிங்களக் கமக்காரர். தமிழ் ஏடொன்றுக்குப் பல்லேபொலையில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும்.

பல்லேபொலைக் கமக்காரனை எந்தச் சட்டம் கட்டுகிறதோ அதே சட்டமே நெடுங்கேணியில் உழுந்து விதைப்பவனையும், மூதூரில் வயல் செய்பவனையும், இறத்தோட்டைத் தோட்டத்து லயத்தின் பின்னால் நான்கு பாத்தி மரக்கறி வைத்திருக்கும் தொழிலாளியையும் கட்டுகிறது. காப்பித் தோட்டக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய நம்மவர் தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாக வந்த பாதையும் இந்நாட்டின் ஊடாகவே கிடந்தது. நடந்து வந்தோர் பலர் வழியிலே மாண்டனர். அந்தப் பாதையோரத்தில் நமக்கு வேலையில்லை என்று சொல்வதற்கில்லை.

வேறொரு காரணமும் உண்டு. விலங்குக்கும் பயிருக்கும் இடையிலான வழக்கில் ஆட்சியாளர் தவறினால் என்ன நேரும் என்பதை இலங்கை முழுவதிலும் மாத்தளை மண்ணைப்போல் அறிந்த மண் பிறிதில்லை.

1848 இன் துவக்கு வரி

1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும் முடிக்குரியவை என்று அனுமானித்தது. கண்டிய மாகாணங்களில் சேனை நிலமும், சன்னசோ வேறு உறுதியோ காட்டினாலன்றி, முடிக்கே உரியதாயிற்று. ஓலையுறுதி இல்லாத ஏழை, பாட்டன் பூட்டன் வெட்டிய சேனையிலே அத்துமீறியவன் ஆனான். அந்த நிலம் காப்பித் தோட்டங்களுக்கு விலையாயிற்று. எட்டு ஆண்டுகள் சென்றபின் தேசாதிபதி டொரிங்டன் புதிய வரிகளைக் கொண்டுவந்தார். கடைக்கு வரி, படகுக்கு வரி, நாய்க்கு வரி, துவக்கு வைத்திருப்பவன் ஆண்டுதோறும் 2 ஷில்லிங் 6 பென்ஸ் செலுத்தி அனுமதிப்பத்திரம் எடுக்கவேண்டும் என்ற விதி, போதாததற்கு வீதி வேலைக்கு ஆண்டில் ஆறு நாள் உடலுழைப்பு.

வரிப் பட்டியலில் துவக்கும் நாயும் அடுத்தடுத்து நின்றதைக் கவனிக்கவேண்டும். கொழும்பிலே இருந்தவருக்கு அவை வெறும் வருமான இனங்கள். சேனைக்காரனுக்கோ, இராக்காலத்தில் பரணில் இருந்து பன்றியையும் மானையும் யானையையும் விரட்ட அவனுக்கிருந்த கருவிகள் அவை இரண்டே. 1848 ஜூலையில் தம்புள்ளை விகாரையிலே கொங்காலேகொட பண்டா மன்னனாக முடிசூட்டப்பட்டதும், அங்கிருந்து மக்கள் திரண்டு மாத்தளையை நோக்கி வந்ததும், ஓகஸ்டு 8 ஆந் திகதி கண்டியிலே புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த வரலாறு. அந்தக் கலகத்தின் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று பயிர்க்காவல் என்பதைப் பாடநூல்கள் அழுத்திச் சொல்வதில்லை.

அதே காலத்து மற்றொரு செய்தியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். யானையைக் கொல்வோருக்கு அரசாங்கம் தலைக்கு இத்தனை ஷில்லிங் என்று வெகுமதி கொடுத்துக்கொண்டிருந்தது. அன்றைய குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட் எழுதிவைத்த கணக்கின்படி, 1848 க்கு முந்திய மூன்று ஆண்டுக்கும் குறைந்த காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் கொல்லப்பட்ட யானைகள் 3,500. சுடுகின்ற துரைக்கு வெகுமதி! காவல் காக்கின்ற கமக்காரனுக்கு வரி! 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் வேட்டை நாய்களைக் கொண்டு மரைகளைத் துரத்திக் குத்திக் கொன்ற விதத்தைப் பெருமையுடன் நூலாகவே எழுதினார். மரையை அவர் 'எல்க்' என்றழைத்தார். நுவரெலியாவுக்கு அருகே எல்க் பிளெயின்ஸ் என்னும் ஊர்ப்பெயர் இன்னும் நிற்கிறது. பேக்கரை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

பின்னர் வெள்ளைத் துரைமாருக்கே அச்சம் பிறந்தது, வேட்டைக்கு விலங்கு எஞ்சாது போகுமே என்று. 1891 இல் யானை, எருமை முதலியவற்றை வீணாக அழிப்பதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் வந்தது. 1894 இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வன விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இவ்வழியிலே பிறந்தது. பலமுறை திருத்தப்பட்டு இன்றும் அதுவே ஆட்சி செய்கிறது. அந்தச் சட்டத்தால் நன்மை விளையவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். யாலவும் வில்பத்துவும் 1938 இல் தேசிய பூங்காக்களானது அதனாலேதான். இத்தீவில் மான் என்றோர் இனம் மிஞ்சியிருப்பதும் பெரும்பாலும் அதனாலேதான். ஆனால் அச்சட்டத்தின் பிறப்பிலே வேட்டைக்காரன் இருந்தான். பின்னர் விஞ்ஞானி வந்தான். உத்தியோகத்தன் எந்நாளும் இருந்தான். கமக்காரன் மட்டும் அதில் குற்றஞ்சாட்டப்பட்டவனாகவே நுழைந்தான்.

கூடியதும் குறைந்ததும் ஒரே மான்

ஒரு நாட்டில் மான் கூடுகிறதா, குறைகிறதா? இக்கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது என்பதே இக்கட்டுரையின் மையம். எனவே சற்று விரித்துச் சொல்கிறோம்.

திருக்கோணமலைக்குச் சென்றவர் யாவரும் பிரெட்ரிக் கோட்டை வாயிலிலும், கோணேசர் ஆலயத்துக்கு ஏறும் வழியிலும், நகரத்து வீதிகளிலும் புள்ளிமான் கூட்டத்தைக் கண்டிருப்பர். சுற்றுலா வந்தோர் வாழைப்பழத் தோலைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கின்றனர். மான்கள் குப்பை மேட்டில் பொலித்தீன் பையோடு எஞ்சிய உணவை விழுங்குகின்றன, வாகனத்தில் அடிபடுகின்றன, நாய்களால் குதறப்படுகின்றன. அங்கே சிறுத்தை இல்லை, மேய்ச்சல் நிலம் இல்லை. ஆயினும் மான் உண்டு. அந்நகரத்தை மட்டும் பார்ப்பவன் 'மான் பெருகிவிட்டது' என்பான்.

ஓட்டன் சமவெளியிலே மரை அத்தகையது. கடல் மட்டத்துக்கு மேல் 2,100 மீற்றர் உயரத்தில், 1988 முதல் தேசிய பூங்காவாக உள்ள அப்புல்வெளியில் மரைகள் ஆயிரத்துக்கு மேல் இருக்குமென்று மதிப்பிடப்படுகிறது. கார்கள் நிறுத்துமிடத்துக்கே வந்து கையேந்தும் மரைகளும் உண்டு. பேக்கரின் நாய்களுக்கு அஞ்சி ஓடிய விலங்கின் வழித்தோன்றல் இன்று பிஸ்கட்டுக்குப் பழகிவிட்டது. ஆனால் அம்மலையிலிருந்து இறங்கித் தோட்டத்து ஓடையோரங்களுக்கு வந்தால் மரையைக் காண்பது அரிது. கண்டால் அது சுருக்குக் கம்பியில் சிக்கியதாயிருக்கக்கூடும்.

இந்த விலங்கின் இயல்பே இது. பெண் புள்ளிமான் ஏறக்குறைய எட்டு மாதம் சினை சுமந்து பெரும்பாலும் ஒரு குட்டியை ஈனும். இன்ன பருவம் என்றில்லை, ஆண்டு முழுவதும் ஈனும். புல்லும் நீரும் இருந்து, சிறுத்தையும் துவக்கும் இல்லையானால் சில ஆண்டுகளில் கூட்டம் பெருகும். அந்தமான் தீவுகளே இதற்குச் சான்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளையர் வேட்டைக்காக அங்கே புள்ளிமானைக் கொண்டுபோய் விட்டனர். கொன்று தின்னும் விலங்கொன்றும் இல்லாத தீவுகள். மான் நீந்தித் தீவுக்குத் தீவு பரவி, காட்டின் இளங்கன்றுகளைத் தின்று, காடு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாத நிலையை உண்டாக்கிற்று. அதே புள்ளிமான் சுருக்குக் கம்பியும் இறைச்சி வியாபாரமும் பெருகிய காட்டோரத்தில் ஓசையின்றி மறைந்துபோகும். மறைந்தது என்று முறையிட ஆளிருக்காது. ஏனெனில் மறைந்த மான் எவர் பயிரையும் தின்பதில்லை.

ஆகையால் நாடு முழுவதற்கும் ஒரு தொகை என்பது கமக்காரனுக்கும் உதவாது, மானுக்கும் உதவாது. பல்லேபொலைக்கு வேண்டியது பல்லேபொலையின் கணக்கு. இந்தக் குன்றில் இவ்வாண்டு எத்தனை, சென்ற ஆண்டு எத்தனை என்பதே கேள்வி. ஒரு நாள் எடுத்த ஒரு கணக்கிலிருந்து ஏற்றமும் தெரியாது, இறக்கமும் தெரியாது. ஒரு புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு எவரும் கோடு கிழிக்க முடியாது.

எண்ணும் முறை அறியாத நாடு அன்று இது. பொலநறுவையிலே வொல்ஃப்காங் டிட்டஸ் என்னும் ஆராய்ச்சியாளர் 1968 இல் குரங்குகளை ஆராயத் தொடங்கினார். ஒவ்வொரு குரங்கையும் முகம் கண்டு அடையாளம் அறிந்து, பிறப்பும் இறப்பும் பதிவு செய்யும் அந்த வேலை அரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது. காட்டு உணவு மட்டுமே கிடைக்கும் கூட்டத்தைப் பஞ்சம் கட்டுப்படுத்துகிறது என்பதும், மனிதன் எறியும் உணவு கிடைத்த இடத்தில் அக்கட்டுப்பாடு தளர்கிறது என்பதும் அத்தகைய பொறுமையினாலே அறியப்பட்டவை. உலகின் எப்பல்கலைக்கழகமும் மதிக்கும் அந்த ஐம்பதாண்டுப் பதிவு நம் வீட்டு வாயிலில் இருக்க, அமைச்சு ஐந்து நிமிடத்தைத் தேர்ந்துகொண்டது ஏன்?

2025 இன் படிவத்தில் உள்ள குறைகளை ஒரு கமக்காரனே சொல்லிவிடுவான். வளவில் நின்றவையே எண்ணப்பட்டன. காட்டில் நின்றவை எண்ணப்படவில்லை. வேலிக்கு அப்பால் தாவிய குரங்கை அடுத்த வீட்டுக்காரனும் எண்ணியிருப்பான். இரவில் இறங்கும் பன்றியும் சருகுமானும் காலை எட்டு மணிக்கு எவர் கண்ணிலும் படமாட்டா. மானை எண்ணுவோர் வேறு விதமாக எண்ணுவர். வரையறுத்த பாதையொன்றிலே விடியலிலும் அந்தியிலும் மெதுவாக நடந்து, கண்ட கூட்டத்தையும் அது நின்ற தூரத்தையும் குறித்துக்கொள்வர்; குறித்த பரப்பில் புழுக்கையை எண்ணுவர்; இரவில் நடமாடுபவற்றுக்கு மரத்தில் கமராவைக் கட்டிவைப்பர். அதே பாதையில், அதே மாதத்தில், அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் நடப்பர். இதற்குப் பட்டம் பெற்றவர் ஊருக்கு ஒருவர் வேண்டியதில்லை. கற்றுக்கொடுத்தால் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளும், இளைப்பாறிய ஆசிரியரும், வயலுக்குப் போகும் கமக்காரரும் செய்வார்கள்.

சட்டத்தின் முன் நிற்பவன் யார்?

புள்ளிமானையும் மரையையும் கொல்வது குற்றம். அது குற்றமாகவே இருக்கவேண்டும் என்பது நமது கருத்து. ஆனால் பன்றிக்கென்று வைத்த சுருக்குக் கம்பி பன்றியை மட்டும் தேர்ந்து பிடிப்பதில்லை. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றிலே சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்தது. நாடு முழுவதும் பேசிற்று. அதே சுருக்குகளில் அகப்படும் கேளையாட்டையும் சருகுமானையும் பற்றி எவரும் பேசுவதில்லை. கட்டுத் துவக்கு ஒரு படி மேலே போய், விறகுக்குச் சென்ற மனிதனின் காலையும் முறிக்கிறது.

சுருக்கு வைத்தவனைப் பிடித்து நீதவான் முன் நிறுத்துகிறார்கள். சட்டம் பயின்றவர் யாவரும் அந்த வழக்கின் போக்கை அறிவர். குற்றத்தை ஒப்புக்கொள்வான், அபராதம் கட்டுவான், கட்டுவதற்குக் கடன் வாங்குவான். பயிர் அழிந்ததற்கு அவன் எங்கே வழக்கு வைப்பது? அவனுக்கு நிலவுறுதி இல்லை. துவக்குக்கு அனுமதிப்பத்திரம் இல்லை. தோட்டத் தொழிலாளியாயின் பாத்தியே அவனுடையதன்று. இலவசப் பயிர்க் காப்புறுதி நெல், சோளம், சோயா, உருளைக்கிழங்கு, வெங்காயம், மிளகாய் என்னும் ஆறு பயிர்களைக்கொண்டு தொடங்கியது. மாத்தளை நாட்டின் மிளகுக்கும் தென்னைக்கும் அந்த ஆறில் இடம் கிடைக்கவில்லை. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் மாத்தளையிலேயே இருக்கிறது என்பதை நினைக்கும்போது சிரிப்பு வருகிறது.

இதற்கிடையில் மேலிடத்துத் தீர்வுகள் வந்து வந்து போயின. 2023 ஏப்பிரலில் ஓர் இலட்சம் குரங்குகளைச் சீனத்துக்கு அனுப்பலாம் என்றார் அன்றைய விவசாய அமைச்சர். வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஜூன் மாதத்தில் அனுப்பப்போவதில்லை என்று சட்டமா அதிபர் நீதிமன்றத்துக்கு அறிவித்தார். 2025 தொடக்கத்தில், மாத்தளை மாவட்டத்தில் குரங்குகளைப் பிடித்துக் கருத்தடை செய்து மீண்டும் விடும் முன்னோடித் திட்டம் ஒன்று 45 இலட்சம் ரூபா செலவில் அறிவிக்கப்பட்டது. கருத்தடையை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் ஒரு கூட்டத்தில் எத்தனை பெண் குரங்குகள், அவற்றுள் எத்தனைக்குச் சிகிச்சை நடந்தது, மூன்றாண்டின் பின் குட்டிகள் குறைந்தனவா என்ற பதிவு ஊரிலே இல்லாவிட்டால், அந்த 45 இலட்சத்தின் பயனை எவர் அறிவார்? குப்பை மேடு அப்படியே கிடக்கும்போது கத்தி மட்டும் என்ன செய்யும்?

அயலவர் செய்தது

2022 இல் கேரள அரசாங்கம் ஒரு காரியம் செய்தது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைக் கொல்லக் கட்டளையிடும் அதிகாரத்தைக் கிராம பஞ்சாயத்துத் தலைவருக்கும் நகரசபைத் தலைவருக்கும் கொடுத்தது. நிபந்தனைகள் உண்டு: நஞ்சு கூடாது, வெடி கூடாது, மின்சாரம் பாய்ச்சக் கூடாது, சுடுபவன் அனுமதிப்பத்திரம் உள்ளவனாயிருக்கவேண்டும், கொன்றதைப் பதிந்து புதைக்கவேண்டும். தமிழ்நாடு 2025 ஜனவரியில் வேறு வழி எடுத்தது. ஒதுக்கக் காட்டிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். மூன்றுக்கு அப்பால் வனத்துறையார் மட்டும் சுடலாம். தூரத்தை வகுத்தது நல்ல யோசனை. ஆனால் துவக்கை வனத்துறையின் கையில் மட்டும் வைத்தது, கூப்பிட்டால் வனத்துறை வரும் என்னும் நம்பிக்கையில். அந்த நம்பிக்கை எவ்வளவு பெறுமதியுடையது என்பதை நமது கமக்காரரும் அறிவர்.

யப்பானிலே மானும் பன்றியும் பெருகியதற்குக் காரணம் கிராமங்கள் முதுமையடைந்தமை. காவலுக்கு இளைஞர் இல்லை. 2007 இல் அந்நாடு இயற்றிய விசேட சட்டத்தின் கீழ் ஒவ்வோர் ஊராட்சியும் தன் எல்லைக்குரிய பயிர்ச்சேதத் தடுப்புத் திட்டத்தைத் தானே வகுக்கலாம். மத்திய அரசாங்கம் பணம் கொடுக்கும். பின்னர், பத்து ஆண்டுகளில் மானையும் பன்றியையும் பாதியாகக் குறைப்பது என்ற இலக்கையும் வகுத்தனர். யப்பானின் அளவு நமக்குப் பொருந்தாது. நமது மான் அவ்வளவு இல்லை, நமக்குச் சிறுத்தையும் உண்டு. ஆனால் திட்டம் ஊரிலே பிறக்கவேண்டும், பணம் மையத்திலிருந்து வரவேண்டும் என்ற ஒழுங்கு பொருந்தும்.

இங்கேதான் நமது பழைய கோரிக்கையை வாசகர் அடையாளம் காண்பர். பதின்மூன்றாம் திருத்தம் விவசாயத்தை மாகாணத்துக்குக் கொடுத்தது. மத்திய மாகாண சபைக்கும் வட மாகாண சபைக்கும் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்ரெம்பரில். இரண்டின் காலமும் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. 2025 ஆம் ஆண்டு முழுவதும் கடந்தும் புதிய தேர்தல் நடைபெறவில்லை. பயிர் மாகாணத்துக்கு உரியது. மாகாணத்துக்குச் சபை இல்லை. விலங்கு கொழும்புத் திணைக்களத்துக்கு உரியது. திணைக்களத்துக்கு ஊரில் ஆளில்லை. மாகாண சுயாட்சி தமிழனின் கோரிக்கை மட்டுமே என்று எண்ணிக்கொண்டிருக்கும் பல்லேபொலைச் சிங்களக் கமக்காரனிடம், உமது மிளகுக் கொடியைக் குரங்கு முறித்தபோது எந்தக் கதவைத் தட்டினீர் என்று கேட்டுப் பார்க்கலாம். தட்டுவதற்கு ஒரு கதவு வேண்டும் என்பதே நமது வாதமும்.

ஊரிடம் அதிகாரத்தைக் கொடுத்தால் மான் இறைச்சி சந்தைக்கு வந்துவிடும் என்று இயற்கைப் பாதுகாப்பாளர் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தை நாம் தள்ளிவிடவில்லை. இப்போதும் மான் இறைச்சி இரகசியமாக விலைப்படுகிறது; வாங்குபவர் பெரும்பாலும் கமக்காரர் அல்லர், பணம் படைத்த நகரத்தார். ஆனாலும் ஊருக்குப் பங்கில்லாத பாதுகாப்பு, ஊரார் கண்ணை மூடிக்கொள்ளும் பாதுகாப்பாகவே முடிகிறது. தினைப்புனம் காத்த வள்ளியை மான் வயிற்றில் பிறந்தவளாகவே நம் முன்னோர் கண்டனர். கதிர்காமத்தில் அவளைச் சிங்களவரும் வணங்குகின்றனர். பரணில் கவண் ஏந்தி நின்றவள் பறவையை விரட்டினாள், பறவைக் குலத்தை அறுக்கவில்லை. காவலுக்கும் கொலைக்கும் உள்ள வேறுபாடு நமது கமக்காரனுக்குப் புதிதன்று.

நாம் கேட்பது இவ்வளவே. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் ஊர்தோறும் கமக்காரர் அமைப்புகள் உள்ளன. 2025 மே மாதத் தேர்தலில் பிரதேச சபைகளும் உயிர் பெற்றன. இவ்விரண்டையும் வனசீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தரையும் ஒரே மேசையில் இருத்தி, பிரதேசத்துக்கு ஒரு விலங்குப் பதிவேட்டைச் சட்டத்தால் ஏற்படுத்துக. அதில் குரங்கோடு பன்றியும், பன்றியோடு மானும் சருகுமானும் எழுதப்படட்டும். மகாவிளைவுக்கு ஒரு முறையும் சிறுபோகத்துக்கு ஒரு முறையும் அதே பாதைகளில் எண்ணட்டும். பயிர்ச்சேதமும் அதே ஏட்டில் ஏறட்டும். காப்புறுதி அந்த ஏட்டைச் சான்றாக ஏற்கட்டும், மிளகுக்கும் தென்னைக்கும் சேர்த்து. பன்றி, குரங்கு விடயத்தில் என்ன செய்வது என்பதை அந்த மேசை முடிவு செய்யட்டும். மான் இனங்களைப் பொறுத்தவரை திணைக்களத்தின் சம்மதமின்றி ஒன்றும் செய்யலாகாது என்று சட்டமே சொல்லட்டும். சுருக்குக் கம்பியைத் தானே கொண்டுவந்து ஒப்படைப்பவனுக்கு வழக்கு வேண்டாம். வேலிக் கம்பிக்கு உதவிப்பணம் கொடுக்கட்டும். குப்பையைத் திறந்த வெளியில் கொட்டும் சபை முதலில் தன் குப்பையை மூடட்டும். திருக்கோணமலையிலிருந்தே அதைத் தொடங்கலாம்.

வடக்கிலும் இதற்கு அவசரம் உண்டு. 2015 இல் சுண்டிக்குளமும் மடு வீதியும் தேசிய பூங்காக்களாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. அவற்றின் ஓரங்களில் யுத்தத்தின் பின் மீண்டு வந்த மக்கள் பயிர் செய்கின்றனர். எல்லைக்கல் நடும்போது அவர்களிடம் கேளாதவர்கள், நாளை விலங்கைப் பற்றி முடிவெடுக்கும்போதும் கேட்கமாட்டார்கள். பதிவேடு கையிலிருந்தால் பேசுவதற்கு ஓர் ஆதாரமாவது இருக்கும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஓர் அப்பியாசக் கொப்பியில் திகதி, இடம், நேரம், விலங்கு, எத்தனை, என்ன சேதம் என்று ஆறு கோடு கிழித்து எழுதத் தொடங்குவதற்கு எந்த அமைச்சின் அனுமதியும் தேவையில்லை. பல்லேபொல, நெடுங்கேணி, மூதூர், இறத்தோட்டை ஆகிய இடங்களில் உள்ள கமக்காரர் அமைப்புகள் வரும் போகத்துக்கு இதைச் செய்து, போக முடிவில் தத்தம் பிரதேச சபைக்கு ஒரு படியும், கமநல சேவை நிலையத்துக்கு ஒரு படியும் கையொப்பத்துடன் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு எழுத்திலே பற்றுச்சீட்டு வாங்கி வைக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். அவ்வூர்களில் வேலை பார்க்கும் ஆசிரியரும் சட்டத்தரணிகளும் கொப்பியைச் சரிபார்த்துக் கொடுப்பார்களாயின், அடுத்த முறை அமைச்சு ஐந்து நிமிடம் கேட்கும்போது, கொடுப்பதற்கு ஆறு மாதக் கணக்கு நம்மிடம் இருக்கும்.